செல்லுக்குக் கண் ஏது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், வரிவரியாகக் கீறிய பரப்பின்மேல் தசைச் செல்களை விட்டால் அவை அந்த வரிகளின் போக்கிலேயே நீண்டு படுத்து வளரும் என்று அரைப் பத்தி எழுதியிருந்தேன். அரைப் பத்திக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எனவே இந்த இதழ் முழுக்க அதே பேச்சுதான். சர்க்கரை நோய், முடி உதிர்தல் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் குடியிருப்புப் பூங்காவில் கூழாங்கல் பதித்து எட்டு வடிவ நடைபாதை போட்டிருக்கிறார்கள். தினமும் அதில் நடக்கிறேன். சொரசொரப்பான பரப்பு தசையை வளர்க்கும் என்றால், என் கெண்டைக்கால் தசைக்கு அந்தப் பலன் உண்டா?
*— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருப்பூர்*

இல்லை ஐயா. நடையின் பலன் உண்டு, கல்லின் பலன் இல்லை. நான் எழுதியது சோதனைக்கூடத் தட்டில் தனித்தனியாக மிதக்க விடப்பட்ட செல்களைப் பற்றி. அவை ஒவ்வொன்றும் பத்து, இருபது மைக்ரோமீட்டர் அகலம். தலைமுடி ஒன்றின் தடிமனே எழுபது மைக்ரோமீட்டர் அளவுக்கு வரும். உங்கள் கூழாங்கல் இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது பத்து மைக்ரோமீட்டர் செல்லைப் போல இரண்டாயிரம் மடங்கு. நம் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் ஆனைமுடியைவிட உயரமான மலை. மலை நிற்கிறது என்பதற்காக அடிவாரத்தில் இருப்பவர் படுக்கும் திசையை மாற்றுவதில்லை. தவிர, உங்கள் கெண்டைக்காலில் இழைகள் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பது நீங்கள் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. நடங்கள், நிறுத்த வேண்டாம். பாதத்தில் மரமரப்பு இருந்தால் மட்டும் கல்லை விட்டுவிட்டுச் சமதரையில் நடங்கள்.

கண்ணும் மூளையும் இல்லாத ஒரு செல்லுக்குத் தான் கிடக்கும் இடம் மேடா, பள்ளமா என்பது எப்படித் தெரிகிறது?
*— கல்லூரி மாணவி, திருச்சி*

இந்தக் கேள்விக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் ராஸ் ஹாரிசன் என்பவர் 1907-ல் தவளைக் கருவின் நரம்புத் துணுக்கை ஒரு சொட்டு நிணநீரில் தொங்கவிட்டு, உடலுக்கு வெளியே நரம்பு இழை வளர்வதைக் காட்டினார். அதற்குப் பிறகு அவரை ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது: செல் வெறும் திரவத்தில் நீந்திப் போகிறதா, அல்லது பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டுமா? இதைச் சோதிக்க யேல் பல்கலைக்கழகத்தில் அவர் தேர்ந்தெடுத்த கருவி சிலந்தி நூல். கண்ணாடிமேல் சிலந்தி நூல்களை இழுத்துக் கட்டிச் செல்களை விட்டார். செல்கள் நூலைப் பற்றிக்கொண்டு, நூலின் நீளத்துக்கே நீண்டன. 1914-ல் இதை விரிவாக வெளியிட்டார். பின்னர் பால் வைஸ் என்பவர் இந்தக் குணத்துக்குத் தொடுகை வழிகாட்டல் என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார். அந்தப் பெயர்தான் இன்றும் புழங்குகிறது.

1980-களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் செல் உயிரியலாளர் ஆடம் கர்ட்டிஸும் மின்னணுப் பொறியாளர் கிறிஸ் வில்கின்சனும் கைகோத்தார்கள். கணினிச் சில்லு செய்யும் அதே முறையில், உழவுச் சால் போன்ற நுண்ணிய பள்ளங்களை, அளவு தவறாத சால்களை, அரித்துச் செல்களை விட்டுப் பார்த்தார்கள். அவர்கள் குழுவின் முடிவுகளில் எனக்குப் பிடித்தது இது: சாலுக்கும் சாலுக்கும் உள்ள இடைவெளியைவிடச் சாலின் ஆழமே செல்லை அதிகம் வசப்படுத்துகிறது.

சரி, எப்படித் தெரிகிறது? தடவிப் பார்த்துத்தான். செல் தன் ஓரங்களிலிருந்து விரல் போன்ற மெல்லிய நீட்சிகளை நீட்டிக்கொண்டே இருக்கும். அதன் தோலில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் உண்டு. தரையில் ஒட்டிய புரதத்தைத் தொட்டதும் இவை கூட்டம் கூடி ஓர் ஒட்டுப்புள்ளியாக இறுகும். புள்ளி என்கிறேனே தவிர, முற்றினால் அது சில மைக்ரோமீட்டர் நீளமுள்ள கோடு. ஒடுக்கமான திண்ணையில் படுக்கிறவர் குறுக்கே படுக்க முடியுமா? நீளவாக்கில்தான் கால் நீட்ட வேண்டும். மேட்டின் விளிம்பில் கூடும் ஒட்டுப்புள்ளிக்கும் அதே கதிதான். நீளவாக்கில் ஒட்டியவை நிலைக்கும், குறுக்கே ஒட்டியவை கழன்றுவிடும். நிலைத்த புள்ளிகளுக்கு இடையே ஆக்டின் என்ற புரதக் கயிறுகள் முறுக்கேறி இழுக்கும். அந்த இழுப்பில் செல்லும் நீளும், உள்ளே இருக்கும் உட்கருவும் உருண்டையிலிருந்து நீள்வட்டமாகும்.

இன்னொரு விளக்கமும் உண்டு. கிரஹாம் டன், ஜூலியன் ஹீத் என்ற இருவர் 1976-ல் சொன்னது: ஆக்டின் கயிறு, கயிறே அல்ல, மூங்கில். வளைவான இடத்தில் அதைக் குறுக்கே மடித்துப் போட முடியாது. வளையாத திசையில்தான் அது உருவாகும், செல்லும் அந்தப் பக்கமே நீளும். மிக நுண்ணிய வரிகளுக்கு முதல் விளக்கமும், நார் போன்ற பெரிய வளைவுகளுக்கு இரண்டாவதும் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

ஏட்டில் படித்ததை மட்டும் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. கோவையில் நான் கற்பிக்கும் கல்லூரியில் சால் அரிக்கும் கருவி கிடையாது. ஆனால் ஒருமுறை பதிவு செய்யும் பழைய சிடி இருந்தது. அதில் 1.6 மைக்ரோமீட்டருக்கு ஒரு வரி வீதம், அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவான ஆழத்தில், சுருள் வரி அச்சாகவே இருக்கிறது. வெள்ளிப் பூச்சை ஒட்டும் நாடாவால் பிய்த்தெடுத்தேன். அடியில் இருந்த சாயத்தை ஆல்கஹாலில் கழுவினேன். சிலிக்கோன் கலவையைப் பத்துக்கு ஒன்று கணக்கில் கலக்கி, குமிழ் போக்கி மேலே ஊற்றி, இரவு முழுக்க அறுபது டிகிரியில் வைத்தேன். காலையில் உரித்தபோது சிலிக்கோன் ஏட்டிலும் வானவில் வந்திருந்தது. வரிகள் படிந்துவிட்டன என்று பொருள்.

அதன்மேல் சி2சி12 செல்களை விட்டேன். இவற்றின் பூர்வீகம் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம். 1977-ல் டேவிட் யாஃபே, ஓரா சாக்ஸெல் இருவரும் எலித் தொடைத் தசையிலிருந்து பிரித்தெடுத்த வம்சத்தின் கிளை. உலகம் முழுக்கத் தசை ஆய்வுக்கூடங்களில் இவைதான் பழகிய செல்கள். மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஒன்றுகூட ஒட்டவில்லை. பாயசத்து ஜவ்வரிசி போல எல்லாம் உருண்டு மிதந்தன. சிலிக்கோன் தண்ணீரை விலக்கும் பொருள், மேலே புரதம் பூசாமல் விட்டால் செல் கால் ஊன்றாது என்று மாணவர்களுக்கு வருடா வருடம் பாடம் எடுப்பவள் நான். வீட்டில் சொன்னேன். குமாரபாளையத்தில் நாற்பது வருடம் தறி ஓட்டிய என் அப்பா, “கஞ்சி போடாத பாவைத் தறியில் ஏற்றினாயாக்கும்” என்று சொல்லிவிட்டு நாளிதழைப் புரட்டினார்.

இரண்டாம் முறை ஜெலட்டின் என்ற புரதத்தைப் பூசினேன். ஒரே நாளில் எல்லாச் செல்களும் ஒரு பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன. பக்கத்துத் தட்டில், வரியில்லாத வழுவழுப்பான சிலிக்கோனில் வளர்ந்தவை கைரேகை மாதிரி சுழித்துச் சுழித்துக் கிடந்தன. அங்கேயும் பக்கத்துச் செல்லைப் பார்த்துப் பக்கத்துச் செல் வரிசை கட்டுகிறது. ஆனால் ஊருக்கு ஒரு திசை.

ஒன்றைக் கவனியுங்கள். செல்லின் அகலத்தில் இந்த வரிகள் ஆறு, ஏழு அடங்கிவிடும். செல் பள்ளத்துக்குள் விழுந்து கிடப்பதால் நேராவதில்லை. பல வரப்புகளின்மேல் பாய் விரித்தது போலக் கிடந்துகொண்டே திசையைக் கண்டுபிடிக்கிறது. ஒட்டுப்புள்ளிதான் உணர்கிறது, முழு உடல் அல்ல.

“பரப்பின் வரிகளே தசையை உருவாக்குகின்றன” என்று என் ஆய்வேட்டில் எழுதலாமா? நெறியாளர் சரி என்கிறார், எனக்குத் தயக்கம்.
*— ஆய்வு மாணவர், சென்னை*

தம்பி, உங்கள் தயக்கத்தின் பக்கம்தான் நான். நெறியாளரிடம் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

திசை காட்டுவது வேறு, தசையாக்குவது வேறு. தசை முன்செல், அதாவது இன்னும் தசையாகாத இளஞ்செல், தசையாக வேண்டுமானால் முதலில் பெருகுவதை நிறுத்த வேண்டும். பிறகு பக்கத்துச் செல்லோடு இணைந்து பல உட்கருக்கள் கொண்ட நீண்ட குழலாக வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் குழலுக்குள் மயோசின் என்ற புரதமும் ஆக்டினும் இரண்டு, இரண்டரை மைக்ரோமீட்டர் இடைவெளியில் பட்டை பட்டையாக அடுக்கப்பட வேண்டும். இதைத் தொடங்கிவைக்கும் சாவி செல்லுக்கு உள்ளே இருக்கிறது. 1987-ல் சியாட்டிலில் ஹரால்ட் வைன்ட்ராப் குழு மையோ-டி என்ற ஒரே ஒரு மரபணுவைக் கொடுத்து, நார்த்திசுச் செல்லையே தசைச் செல்லாக்கிக் காட்டியது. அதற்குச் சால் எதுவும் தேவைப்படவில்லை. நாம் தட்டில் திருப்புவதும் அந்த உள்சாவியைத்தான்: செல்களுக்கு ஊட்டமாக ஊற்றும், ரத்தத்திலிருந்து பிரித்த சத்து மிகுந்த சீரத்தை எடுத்துவிட்டு, இரண்டு சதவீதம் குதிரை சீரத்துக்கு மாற்றிப் பட்டினி போடுகிறோம். நாலைந்து நாளில் குழல்கள் வந்துவிடும், வழுவழுத் தட்டிலும்கூட.

அப்படியானால் வரிக்கு வேலையே இல்லையா? உண்டு. விசை என்பது கூட்டுக் கணக்கு. நூறு இழைகள் நூறு திசையில் இழுத்தால் கடைசியில் மிஞ்சுவது சொற்பம். ஒரே திசையில் இழுத்தால்தான் அது தசை. ஆனால் வரி செல்லிணைவை எப்போதும் கூட்டும் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் பீட்டர் கிளார்க் குழு 2002-ல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே இதற்கு எதிர்: மிக நுண்ணிய வரிகளில் முன்செல்கள் அருமையாக வரிசை கட்டின, இணைவு குறைந்தது. எல்லாரும் ஒரே திசையில் விறைத்துக் கிடந்தால் பக்கவாட்டில் இணைவது கடினமாகிறது. வேறு அளவு வரிகளில் இணைவு கூடியதாகச் சொல்லும் கட்டுரைகளும் இருக்கின்றன. ஆகவே எத்தனை அகலம், எத்தனை ஆழம், எந்தப் பொருள் என்று சொல்லாமல் “வரி நல்லது” என்பது அரிசி எது, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லாமல் “வேகவை” என்பது போல.

உங்கள் ஆய்வேட்டில் நான் முதலில் தேடுவது ஒப்பீட்டுத் தட்டைத்தான். வரி கீறும்போதோ அரிக்கும்போதோ பரப்பின் வேதியியலும் மாறிவிடுகிறது. தட்டையான பரப்பில் ஆழமே இல்லாமல், புரதத்தை மட்டும் கோடுகோடாக அச்சிட்டாலும் செல்கள் வரிசை கட்டும். அச்சிடும் இந்த முறை ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்சைட்ஸ் வளர்த்தெடுத்தது. உங்கள் செல்கள் பள்ளத்தைப் பார்த்தனவா, பள்ளத்தில் அதிகமாகத் தங்கிய புரதத்தைப் பார்த்தனவா? இதற்குப் பதில் இல்லாமல் வாய்மொழித் தேர்வுக்குப் போகாதீர்கள்.

அடுத்தது கடினத்தன்மை. வரியைவிட இது பெரிய விஷயம் என்பது என் கட்சி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆடம் எங்க்லர், டென்னிஸ் டிஷர் குழு 2004-ல் மெத்தென்ற கூழ்மப் பரப்புகளில் தசைக்குழல்களை வளர்த்தது. பரப்பின் விறைப்பு சுமார் 12 கிலோபாஸ்கல், அதாவது உண்மைத் தசையின் அளவுக்கு இருந்தபோதுதான் உள்ளே பட்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டன. அதைவிட மிக மெத்தென்ற பரப்பிலும் இல்லை, கண்ணாடியிலும் இல்லை. அதே கட்டுரையில் ஓர் அழகான சோதனை: கண்ணாடிமேல் ஒரு படலம் தசைக்குழல், அதன் தலைமேல் இன்னொரு படலம். கீழ்ப் படலம் பட்டையில்லாமலே கிடந்தது. மேல்மாடிக்காரர்களுக்குப் பட்டை வந்தது, ஏனென்றால் அவர்களுக்குத் தரை கண்ணாடி அல்ல, இன்னொரு செல்.

என் சிடிக் கதையின் மிச்சத்தையும் சொல்கிறேன். ஒன்பதாம் நாள் குழல்கள் துடிக்கத் தொடங்கின. மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். செல்பேசியில் படம் எடுத்தார்கள். மறுநாள் காலை அந்தப் படலம் ஒரு மூலையிலிருந்து பிய்ந்து, வெற்றிலைச் சுருள் மாதிரி தட்டின் ஓரத்தில் கிடந்தது. நேராக நிறுத்தத் தெரிந்த பரப்புக்கு, இழுக்கிற தசையைத் தாங்கத் தெரியவில்லை.

இதற்கு மாற்று வழி வரிகளையே விட்டுவிடுவது. செல்களை ஒரு புரதக் கூழில் கலந்து, இரண்டு முளைகளுக்கு நடுவே ஊற்றிவிட்டால், செல்கள் இழுத்து இழுத்துக் கூழ் சுருங்கும். முளைகள் விட்டுக்கொடுக்காது. அந்த இழுவிசையின் கோட்டிலேயே செல்கள் வரிசை கட்டும், ஒரு சால்கூட இல்லாமல். தெருவில் பாவு நீட்டி இரண்டு முனையையும் இழுத்துக் கட்டும்போது நூல்கள் தாமாக நேராவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தசையும் பாவுதான். ஊடை என்று சொல்ல ரத்தக் குழாயும் இணைப்புத் திசுவும் இருக்கின்றன, ஆனால் பாவு தளர்ந்தால் அங்கே ஒன்றும் நடக்காது. ட்யூக் பல்கலைக்கழகத்தில் நேநாட் பர்சாக் குழு 2015-ல் மின்தூண்டலுக்குச் சுருங்கும் மனிதத் தசையை வளர்த்ததும் இப்படி முப்பரிமாணக் கூழில்தான்.

“உருவாக்குகின்றன” என்ற இடத்தில் “திசைப்படுத்துகின்றன” என்று எழுதுங்கள். இரண்டெழுத்து அதிகம், ஆனால் வாதத்தில் தோற்க மாட்டீர்கள்.

என் மகனுக்கு ஒன்பது வயது. டுஷென் தசைச்சிதைவு என்று சொல்லிவிட்டார்கள். சோதனைக்கூடத்தில் வளர்த்த தசையை அவனுக்கு வைக்க முடியுமா? ஓர் இடத்தில் ஸ்டெம் செல் ஊசிக்குப் பல லட்சம் கேட்கிறார்கள்.
*— பெயர் வேண்டாம், சேலம்*

அம்மா, இன்றைய தேதியில் முடியாது. மழுப்பாமல் சொல்வதுதான் உங்களுக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

தட்டில் வளர்க்கும் தசை மிக மெல்லியது. ரத்தக் குழாய் இல்லாமல் ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழத்துக்குத்தான் போகும். அதைவிடத் தடித்தால் நடுவில் இருக்கும் செல்கள் செத்துவிடும். உங்கள் மகனுக்குப் பாதிப்பு ஒரு தசையில் அல்ல, உடல் முழுக்க, இதயம் வரை. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததே காரணம். நல்ல செல்களைத் தசைக்குள் ஊசியில் செலுத்தும் முயற்சி 1990-களின் தொடக்கத்திலேயே நடந்தது. செலுத்திய செல்களில் பெரும்பாலானவை சில நாட்களில் இறந்தன, பிழைத்தவை ஊசி போன தடத்தைவிட்டு நகரவில்லை.

அந்தப் பல லட்சம் ஊசியைப் போடாதீர்கள். ரத்தம் உற்பத்தி செய்யும் ஸ்டெம் செல்களைக் கொண்டு குறிப்பிட்ட நோய்களுக்குச் செய்யும் மாற்று சிகிச்சை தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எதையும் அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே செய்யக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. முறையான ஆய்வில் சேர்க்கிறவர்கள் நோயாளியிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். கேட்டாலே எழுந்து வந்துவிடலாம்.

செய்யக்கூடியவை இருக்கின்றன: நரம்பியல் மருத்துவர் சொல்லும் ஸ்டீராய்டு, தசை இறுகிவிடாமல் இயன்முறைப் பயிற்சி, மூச்சு இரைக்காவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை இதயப் பரிசோதனை. எந்த வகை மரபணுப் பிழை என்ற அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். புதிய மருந்துகளில் சில குறிப்பிட்ட பிழைகளுக்கு மட்டுமே பொருந்துபவை. அந்த மருந்துகளைச் சோதித்துப் பார்க்கத்தான் தட்டில் வளர்ந்த தசை இப்போதைக்குப் பயன்படுகிறது. அவனுக்குத் தங்கையோ, உங்களுக்குச் சகோதரிகளோ இருந்தால் அவர்களுக்கும் மரபணு ஆலோசனை தேவை. கடிதத்தில் உங்கள் தொலைபேசி எண் இருந்தது. அடுத்த வாரம் பேசுகிறேன்.

தொழிற்சாலையில் வளர்த்த இறைச்சி வரப்போகிறதாமே? அதற்கும் இந்த வரிகள் வேண்டுமா? அது சைவமா?
*— பள்ளி ஆசிரியை, ஈரோடு*

வந்துவிட்டது டீச்சர். 2013 ஆகஸ்டில் லண்டனில், நெதர்லாந்தின் மார்க் போஸ்ட் செல்களிலிருந்து வளர்த்த மாட்டிறைச்சி வடை பொரித்துப் பரிமாறப்பட்டது. ஒரு வடைக்கு இரண்டரை லட்சம் யூரோ. சிங்கப்பூர் 2020 டிசம்பரில் இத்தகைய கோழி இறைச்சியை விற்க அனுமதித்தது. கைமா என்றால் திசை தேவையில்லை. துண்டுக் கறியின் நார் நாராகப் பிரியும் பதம் வேண்டுமென்றால் வரி வேண்டும். அதற்குச் சிலிக்கோனைத் தின்ன முடியாதே. எனவே செடிகளிடம் போனார்கள். புல், வெங்காயத்தாள் போன்றவற்றின் சொந்தச் செல்களைச் சோப்புக் கரைசலில் கழுவி எடுத்துவிட்டால், நேர்நேரான நரம்புகளோடு நார்க்கூடு மட்டும் மிஞ்சும். அதில் தசைச் செல்கள் நரம்பின் போக்கில் வரிசை கட்டுகின்றன. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தினர் புல்லில் செய்து காட்டினார்கள். மாடு புல்லைத் தின்று தசையாக்குகிறது, இவர்கள் புல்லின்மேலேயே தசையை ஏற்றிவிட்டார்கள்.

சைவமா என்பதை உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது: அசைவம், கார்த்திகை மாதம் ஆகாது.

நான் ஒன்பதாம் வகுப்பு. சிடியில் அவ்வளவு நுண்ணிய வரி இருப்பதை வீட்டிலேயே பார்க்க முடியுமா மிஸ்?
*— மாணவன், பொள்ளாச்சி*

பார்க்க முடியாது கண்ணு, ஆனால் அளக்க முடியும். சிடி கிடைக்காவிட்டால் கொய்யா மரத்தில் பறவை விரட்டத் தொங்கவிட்டிருப்பார்கள், அதைக் கழற்றிக் கழுவிக்கொள். சிவப்பு லேசர் விளக்கு ஒன்று வாங்கு. சுவரிலிருந்து சரியாக ஒரு மீட்டர் தள்ளிச் சிடியைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, லேசரைச் சுவர்ப் பக்கமிருந்து சிடிக்கு நேர்செங்குத்தாக அடி. ஒளி வந்த வழியே ஒரு புள்ளி திரும்பும். அதற்கு இருபுறமும் சுவரில் வேறு புள்ளிகள் விழும். நடுப்புள்ளியிலிருந்து முதல் பக்கப் புள்ளி சுமார் 44 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், உன் சிடியின் வரி இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. கோணத்தின் சைன் மதிப்பால் அலைநீளத்தை வகுத்தால் இடைவெளி வரும். பத்தாம் வகுப்பு அக்காவிடம் கேட்டால் முக்கோணவியல் சொல்லித் தருவார்.

பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள். லேசர் கண்ணில் படக் கூடாது, சிடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் படக் கூடாது. பிறகு சிடியை எடுத்துவிட்டு டிவிடியை வை. முதல் புள்ளி 44 சென்டிமீட்டரில் இருக்காது, ஏறக்குறைய 1.8 மீட்டர் தள்ளிப் போயிருக்கும், சுவர் அவ்வளவு நீளமாக இருந்தால். ஏன் என்று எழுதி அனுப்பு, அடுத்த இதழில் போடுகிறேன்.